சூரியன் மீது ஒரு பொய் வழக்கு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் மோர்ப்பந்தலில் மோரும், பஞ்சர் கடையில் ஓர் அறிவுரையும் இலவசம்: "வெயில் காலம் சார், டயர்ல காத்து ரெண்டு பாயிண்ட் கம்மியாவே வைங்க, இல்லேன்னா வெடிச்சிரும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அடைத்து வைத்த காற்று சூடானால் அழுத்தம் ஏறும் என்று பிரான்சின் இயற்பியலாளர் அமோந்தோன் 1702 வாக்கிலேயே சோதித்துச் சொல்லிவிட்டார். எவ்வளவு ஏறும் என்றுதான் யாரும் கேட்பதில்லை. 33 பாயிண்ட் (psi) வைத்த கார் டயரில் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறுவது ஏறக்குறைய ஒன்றரைப் பாயிண்ட். வேலூரில் விடியலில் 28 டிகிரி, நண்பகலில் 42 என்றாலும் இரண்டு சொச்சம்தான். ஓட்டத்தில் மேலும் மூன்று நான்கு ஏறட்டும். நாற்பதை ஒட்டி நிற்கும். பல கார் டயர்களின் பக்கவாட்டில் அதிகபட்சம் 44 என்றோ 51 என்றோ பொறித்திருக்கிறது, அதுவும் டயர் சூடாகாதபோது வைக்க வேண்டிய காற்றுக்கு. அதைப் படிக்கக் குனிய வேண்டும்; நமக்கு இடுப்பு வலி.

வெடிக்கவைப்பது பெரும்பாலும் குறைந்த காற்றுதான். காற்று குறைந்த டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போதெல்லாம் கூடுதலாக நசுங்கி நிமிர்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் இது நிமிடத்துக்குச் சுமார் 900 தடவை நடக்கும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் சுடுமே, அதுபோல ரப்பரும் உள்ளே இருக்கும் நூலடுக்கும் சுட்டுச் சுட்டுப் பிரியும். சூட்டுக்குப் பயந்து காற்றை இறக்கியவர், சூட்டை டயருக்குள்ளேயே தயாரிக்க ஆரம்பிக்கிறார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோது, டயரின் குறையோடு, அந்த டயர்கள் பூட்டிய எக்ஸ்ப்ளோரர் காருக்கு ஃபோர்டு சொல்லியிருந்த 26 பாயிண்டும் சர்ச்சையானது. விபத்துகள் அதிகம் நடந்தவை டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற வெயில் மாநிலங்கள். "அப்போ மே மாசத்துலதானே சார் டயர் வெடிக்குது?" என்பீர்கள். சரிதான். மொட்டையாகத் தேய்ந்த டயர், கேரியரில் மூட்டை, குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிய ஏழு பேர், ஆக்சிலேட்டரை விட்டு எடுக்காத கால், இத்தனை பேரையும் ஜாமீனில் விட்டுவிட்டு சூரியன் மேல் வழக்குப் போடுகிறோம்.

நைட்ரஜன் அடித்தால் கவலையில்லை என்பவர்களும் உண்டு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தனி நைட்ரஜனில் ஈரப்பதம் இராது, கொஞ்சம் மெதுவாகக் கசியும். ஆனால் சூடானால் அதுவும் அதே கணக்கில்தான் ஏறும், வால்வில் நைட்ரஜனுக்கான பச்சை மூடி போட்டாலும். கடைசியாக ஒரு கட்சி: "ஓடி வந்த டயர்ல 36 காட்டுது, அதை 33க்கு இறக்கணும்ல?" கூடாது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும் எண், மூன்று மணி நேரமாவது நின்று ஆறிய வண்டிக்கானது. ஓடினால் ஏறும் என்று தெரிந்தே வைத்தது. சூட்டில் ஏறியதை இறக்கினால் மறுநாள் விடியலில் அதே டயர் முப்பதில் நிற்கும். ஆகவே பங்க்கில் 36 காட்டினால் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஏர் அடிக்கும் பையன் புஸ்ஸென்று இறக்கிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போயிருப்பான்.