எந்த வரப்புல நின்னு எண்ணுவே?

வாடா பேராண்டி. சிதம்பரத்துல கணக்கு எம்.எஸ்சி. படிக்கிற ஆளு, நேத்து சேத்தியாத்தோப்புல பஸ்ஸை விட்டு இறங்கினதுலேருந்து உம்முன்னு இருக்கியே, என்னா சங்கதி? மூணை நாலால பெருக்கினாலும் நாலை மூணால பெருக்கினாலும் ஒண்ணுதான்னு நிரூபிக்கணுமா? இதுக்காடா உங்கப்பன் கரும்புப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினான்!

செருப்பைக் கழட்டிட்டு வயல்ல இறங்கு. நம்மளுது ஒத்தை நாத்து நடவு. மார்க்கர் இழுத்து 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்துன்னு சதுரம் சதுரமா நட்டிருக்கு. களை எடுக்கிற கோனோவீடரை நெடுக்கயும் உருட்டணும், குறுக்கயும் உருட்டணும், அதுக்குத்தான். கிழக்கு வரப்புல நின்னா வரிசைக்கு 40 குத்து, 30 வரிசை. தெக்கு வரப்புக்கு வா. வரிசைக்கு 30, 40 வரிசை. எடம் மாறினது நீதான். 1,200 குத்துல ஒண்ணாவது உன்னைப் பாத்துப் பயந்து ஓடிச்சா?

என்னா முழிக்கிறே? "அது முழு எண்ணு தாத்தா, மெய்யெண்ணுக்கு?"ன்னுதானே? ராத்திரி புத்தகத்தை மூஞ்சியில கவுத்துக்கிட்டு நீ கொறட்டை விட்டப்போ நாந்தான் எடுத்துப் புரட்டினேன். பின்னம் ஒரு பெரிய விஷயமில்லை. ஒரு குழியை நீளத்துல நாலாவும் அகலத்துல ரெண்டாவும் கூறு போடு. அரையில முக்காலுன்னாலும் முக்கால்ல அரைன்னாலும் அதே மூணு அரைக்கால்தான் கையில வரும்.

சிக்கல், கூறு போட முடியாத நீளத்துலதான். கோலுக்குக் கோல் ஒரு சதுரம் போட்டு மூலைக்கு மூலை கயிறு கட்டு. அது ரெண்டோட வர்க்கமூலம். அந்தக் கயிறு நீளமா, ஒரு கோல் அகலமா இன்னொரு பாத்தி கட்டி அதுக்கும் மூலைக்கயிறு போடு. அது மூணோட வர்க்கமூலம். இந்த ரெண்டு கயித்தையும் எப்படி எண்ணுவே?

எலி பிடிக்கிற மாதிரிதான், ரெண்டு பக்கமும் அடைக்கணும். கோல்ல பத்துல ஒரு பங்கை ஒரு குச்சியா வச்சு அள. மொதக் கயிறு 14 குச்சிக்கு மேல, 15க்கு உள்ள. மத்தது 17க்கு மேல, 18க்கு உள்ள. பக்கம் பெருத்தா பரப்பும் பெருக்கும்ல? அதனால இப்படிப் பெருக்கினாலும் அப்படிப் பெருக்கினாலும் விடை 2.38க்கும் 2.70க்கும் நடுவுல மாட்டிக்குது. நூறுல ஒரு பங்கு குச்சி எடு: 2.4393க்கும் 2.4708க்கும் நடுவுல. குச்சி தேயத் தேய வளை சுருங்குது, ரெண்டு விடையும் அந்த ஒரே வளைக்குள்ளதான். ரெண்டு எலி இருக்குன்னு நீ சொன்னா, ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு காட்டு பாப்போம். நீ எவ்வளவு காட்டினாலும் அதைவிடச் சின்ன வளை நான் போடுவேன்.

எல்லா எண்ணும் இப்படி அடங்கிப் போவும்னு நெனச்சிடாதே. அயர்லாந்துல ஹாமில்டன்னு ஒருத்தர், 1843 அக்டோபர் 16ஆம் தேதி, பொண்டாட்டியோட டப்ளின் வாய்க்கால் கரையில நடந்து போனவரு, திடீர்னு பாலத்துக் கல்லுல சூத்திரத்தைச் செதுக்கிட்டாரு. (பக்கத்துல வந்த அம்மா என்னா சொன்னாங்களோ!) நாலு கூறு சேந்த ஒரு வகை எண்ணுக்கான சூத்திரம் அது. அந்த மாதிரி எண்ணுல சில ஜோடியை முன்னதைப் பின்னதாப் போட்டுப் பெருக்கினா கூட்டல் குறி கழித்தல் குறியாவும். அந்த எண்ணுங்களை இது சின்னது, அது பெருசுன்னு பெருக்கலுக்கு ஒத்துவர்ற மாதிரி ஒரே வரிசையில நிறுத்த முடியாது. வரிசையே இல்லாதப்போ எந்தப் பக்கம் அடைப்பே?

மெய்யெண்ணு அப்படியில்லை. வரிசையும் இருக்கு, எவ்வளவு சின்னக் குச்சியாலயும் அளந்து எட்டிப் பிடிக்கவும் முடியும். இந்த ரெண்டும் இருந்தாப் போதும், இடம் மாத்திப் பெருக்குறது தானா சரிப்பட்டு வரும்னு ஜெர்மன்காரர் ஹில்பர்ட் 1899லயே காட்டிட்டாரு. உன் புத்தகத்துலதான் இருக்கு, நீ மூஞ்சியில கவுத்திருந்த பக்கத்துக்கு ரெண்டு பக்கம் தள்ளி.

சரி, கோனோவீடரைப் பிடி. நெடுக்க முதல்லயோ குறுக்க முதல்லயோ, உன் இஷ்டம். ஆனா உருட்டிட்டுக் கஞ்சி குடிக்கிறதும் கஞ்சி குடிச்சிட்டு உருட்டுறதும் ஒண்ணுன்னு மட்டும் உங்க ஆயாகிட்ட போய் நிரூபிக்காதே.