இலையை மடக்காதே, பேராண்டி

ஏலே பேராண்டி, பந்தியில உக்காந்துக்கிட்டு எதுக்குலே இலைக்கு மேல கையை விரிச்சுக் குடை பிடிக்கே? மழையா பெய்யுது? வாறது சொதி. மறுவீட்டுச் சொதி. தேங்காயைத் திருகி மூணு தரம் பால் பிழிஞ்சு, பாசிப்பருப்பை மலர வேகவச்சு, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிஞ்ச சொதி. நீ "தேங்காய் ஆகாது தாத்தா"ங்கே. உருளைக்கிழங்கு வந்துச்சு, அதுவும் ஆகாது. இஞ்சிப் பச்சடி வந்துச்சு, இஞ்சியும் ஆகாது. கடைசியில வாழை இலை ஒண்ணுதான் ஒனக்கு ஆகும்போல. அதை இன்னும் சோதிச்சுப் பாக்கலையோ என்னவோ.

எங்க, அந்தப் போனை நீட்டு. ஆத்தாடி! ஒன் ரத்தத்தைச் சோதிச்சவன் தொண்ணூறு சாமான் பேரை வரிசையா எழுதி, சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு சாயம் பூசிக் குடுத்திருக்கான். சிவப்புல மட்டும் முப்பத்தெட்டு. நம்ம ஊர் மளிகைக்கடையில முப்பத்தெட்டு சாமான் ஒரே நேரத்துல இருந்து நான் பாத்ததில்ல. இதுக்கு எவ்வளவு குடுத்தே? காதுல சொல்லு. அடப்பாவி, அந்தத் துட்டுக்கு ஒரு கன்னுக்குட்டி பிடிச்சிருக்கலாமே. பாலும் சிவப்புலதான் கிடக்கு, சரி, அது வேற சங்கதி.

நான் டாக்டர் இல்லப்பா. முப்பத்தோரு வருசம் ஆரம்ப சுகாதார நிலையத்துல கம்பவுண்டர். டாக்டருங்க வருவாக, ரெண்டு வருசத்துல மாத்தல் வாங்கிப் போவாக. நான் மட்டும் மருந்து அலமாரி மாதிரி அங்கனயே கிடந்தேன். அலமாரிக்கும் காது உண்டு. அது கேட்ட வார்த்தையில ரொம்ப அதிகமாக் கேட்டது எது தெரியுமா? 'ஆகாது.' அந்த ஒத்தை வார்த்தைக்குள்ள ஆறு ஆள் ஒளிஞ்சிருக்கான். அஞ்சு பேரை இப்பக் காட்டுதேன். ஆறாவது ஆளு பாயசத்துக்கு அப்புறம்தான் வருவான்.

முதல் ஆளுதான் அசல் ஒவ்வாமை. இவன் கணக்கு வழக்கோட வருவான். தின்ன சில நிமிசத்துல, மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள. துளி போதும் அவனுக்கு. ஒதடு வீங்கும், மேலெல்லாம் காணாக்கடி தடிக்கும், வாந்தி வரும், மூச்சு இழுக்கும். அடுத்த தரம் தின்னா அடுத்த தரமும் வருவான்.

ரெண்டாவது ஆளு வயித்துக்காரன். பால் குடிச்சா வயிறு பொருமி, கொல்லைக்கு ஓடுறானே, அவனுக்குப் பாலுல இருக்கற சர்க்கரையை உடைக்கற சரக்கு குடல்ல குறைச்சல். ஒரு தம்ளர் குடிச்சா ஓடுவான், காப்பியில ரெண்டு கரண்டி விட்டா சும்மா இருப்பான், தயிர் ஊத்தினா வாங்கித் தின்பான். தொல்லைதான், ஆனா உசுருக்கு வினை இல்ல.

மூணாவது ஆளை நானே கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன். ஒருநாள் ஒரே வீட்டுலருந்து அஞ்சு பேர் வந்தாக, அஞ்சு பேர் மூஞ்சியும் மிளகாய்ப்பழம். "மீன் அலர்ஜி"ன்னாக. ஒரே சட்டி சூரை மீன் குழம்பு. ஒவ்வாமை என்னைக்குய்யா குடும்ப அட்டையைப் பாத்து மொத்தமா வந்திருக்கு? ஐஸ் இல்லாம வெயில்ல கிடந்த சூரையிலயும் அயிலையிலயும் ஹிஸ்டமின்னு ஒரு சரக்கு ஊறிப்போகும். எத்தனை கொதி கொதிக்க வச்சாலும் அது போகாது. தப்பு அந்த உடம்பு மேல இல்ல, மீன் வித்தவன் மேல.

நாலாவது ஆளு செஞ்ச களவுக்கு வேற எவனோ கம்பி எண்ணுறான். புள்ளைக்கு வைரஸ் காய்ச்சல்ல காணாக்கடி வரும். அன்னைக்குப் பாத்து முட்டை தின்னிருக்கும். முட்டைக்கு ஆயுள் தண்டனை. ஆறு வாரத்துக்கு மேல தினமும் தடிப்பு வந்து வந்து போனா, அதுக்குச் சாப்பாடு காரணமா இருக்கறது அபூர்வம். அது தெரியாம ஒருத்தன் நாலு வருசம் தக்காளியைத் தள்ளி வச்சிருந்தான். கடைசியில பாத்தா, மூட்டுவலிக்கு முழுங்கின மாத்திரை.

அஞ்சாவது ஆளு பரம்பரைச் சொத்து. 'கரப்பான் பண்டம்'னு நம்ம பாட்டிமாரு ஒரு பட்டியல் வச்சிருந்தாக: கத்தரிக்காய், கருவாடு, இன்னும் என்னென்னவோ. ஒண்ணு ரெண்டுல நியாயம் இருக்கு. கத்தரிக்காயிலயே கொஞ்சம் ஹிஸ்டமின் உண்டு, சிலருக்கு நாக்கு அரிக்கும். ஆனா பாட்டி பட்டியல்ல பத்துதான் இருந்துச்சு, இனாமாக் குடுத்தா. நீ துட்டு குடுத்து முப்பத்தெட்டு வாங்கிட்டு வந்திருக்கே.

இப்ப ஒன் போன்ல இருக்கற சோதனைத் தாளுக்கு வாறேன். இதுல பாத்தது ஐ.ஜி.ஜி. அது என்ன தெரியுமா? மளிகைக்கடைப் பற்று நோட்டு. நீ எதை அடிக்கடி தின்னியோ அதை ஒன் ரத்தம் எழுதி வச்சிருக்கு. வீட்டுல யாரு வந்து போனாங்கன்னு சொல்லும், யாரு களவாண்டான்னு சொல்லாது. உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இது உதவாதுன்னு ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008-லயே எழுதிட்டுது. அமெரிக்காக்காரரும் கனடாக்காரரும் அதையேதான் சொல்லுதாக. சந்தேகமா இருந்தா இந்தா பாரு, ஒன் தாளே சாட்சி சொல்லுது. போன தை மாசம் மகாபலிபுரத்துல இறால் வறுவலைத் தின்னு, பத்து நிமிசத்துல ஒதடு பணியாரமா வீங்கி, விடிய விடிய ஆசுபத்திரியில கிடந்தியே. அந்த இறால் இதுல எங்க இருக்கு? பச்சையில! வருசத்துக்கு ஒருதரம் திங்கறவன் கணக்கு நோட்டுல எங்கருந்து ஏறும்? தினம் திங்கற அரிசியும் பாலும் சிவப்பு. கொன்னவனை விட்டுட்டு, சோறு போட்டவனைப் பிடிச்சிருக்கான்.

"அப்ப சரியான சோதனை எது"ங்கே. இருக்கு. 1921-ல பிராஸ்நிட்ஸ், கியூஸ்ட்னர்னு ஜெர்மனியில ரெண்டு டாக்டருங்க. கியூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவரு ரத்தத்தைத் தெளியவச்ச நீரை பிராஸ்நிட்ஸ் தன் தோலுக்குள்ள குத்திக்கிட்டாரு. மறுநாள் அதே எடத்துல மீன் சாறைக் குத்தினாரு. அந்த மனுசனுக்கு மீன்னா ஒண்ணும் செய்யாது, ஆனா குத்தின எடம் மட்டும் தடிச்சுப்போச்சு. ரத்தத்துல ஏதோ ஒரு கோள்மூட்டி இருக்கான்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. அவன் பேரு ஐ.ஜி.ஈ.ன்னு கண்டுபிடிக்க 1966 ஆச்சு. இஷிசாக்கான்னு ஜப்பான்காரப் புருசன் பெண்டாட்டி சேந்து கண்டுபிடிச்சாக. நீயும் ஒன் பெண்டாட்டியும் சேந்து ரிமோட்டைக் கூடக் கண்டுபிடிக்க மாட்டேங்கிய.

அந்தக் கோள்மூட்டியைத் தோல்ல குத்தியும் பாக்கலாம், ரத்தத்துலயும் பாக்கலாம். ஆனா கேளு, கோள்மூட்டி இருக்கற வீட்டுல எல்லாம் சண்டை நடக்கணும்னு கட்டாயம் இல்ல. பெங்களூர்லயும் மைசூர்லயும் பெரியவங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, முடிவு 2016-ல வந்துச்சு. ஏதாவது ஒரு சாப்பாட்டுக்கு ஐ.ஜி.ஈ. இருந்தவுக 26.5 சதவீதம். ஒவ்வாமை இருக்கும்னு கணக்குல வந்தவுக 1.2 சதவீதம். அதாவது சோதனைத் தாளை மட்டும் நம்பி இலை போட்டா, சும்மா நல்லா இருக்கற ஏகப்பட்ட பேரைப் பட்டினி போட்டுருவோம். அதனாலதான் கதை எதைச் சந்தேகப்படுதோ அதை மட்டும் சோதிக்கணும். தொண்ணூறைச் சோதிச்சா ஏதாவது ஒண்ணு மாட்டத்தான் செய்யும். ஊர்ல இருக்கற எல்லார் மடியையும் அவுத்துப் பாத்தா, எவன் மடியிலயாவது வெத்தலைக்குப் பதிலா வேற எதாவது இருக்கும்லா?

சரி, நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிக்க? வாசல்ல மீன் தொட்டி இருக்கா, ஏசி குளுகுளுன்னு அடிக்கான்னு பாக்காதே. மருத்துவக் கவுன்சில்ல பதிவு இருக்கா, ஒவ்வாமையில தனியாப் பயிற்சி எடுத்திருக்காரான்னு பாரு. நம்ம நாட்டுல அதுக்குன்னே இருக்கறவுக கம்மி. நெஞ்சு டாக்டர், தோல் டாக்டர், குழந்தை டாக்டர்னு அதுல கை தேர்ந்தவுகளும் பாப்பாக. மருத்துவக் கல்லூரி ஆசுபத்திரியில விசாரிச்சா வழி சொல்லுவாக.

உள்ள போன பிறகு அவரு வாயைப் பாரு. ஊசியை எடுக்க முன்னால கேள்வியை எடுக்காரா? என்ன தின்னே, எவ்வளவு, எத்தனை நிமிசத்துல வந்துச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சு, அதுக்கு முன்னால அதையே தின்னிருக்கியா, பொறவு தின்னியா, அன்னைக்கு வலி மாத்திரை போட்டியா, தண்ணி அடிச்சியா, தின்னுட்டு ஓடினியா? கோதுமையைத் தின்னுட்டு ஓடினா மட்டும் வர்ற ஒவ்வாமைகூட உண்டுலே. பொண்ணு பாக்க வந்த மாமனார் மாதிரி துருவித் துருவிக் கேட்டா, அவருதான் டாக்டர். உள்ள நுழைஞ்சதும் "ஃபுல் பேக்கேஜ் எடுத்துருவோமா"ன்னா, செருப்பைத் தேடு.

நீயும் வெறுங்கையோட போயி உக்காராதே. காணாக்கடிக்கு ஒரு குணம், டாக்டர் வீட்டுப் படி ஏறினதும் மறைஞ்சுரும். வந்த உடனே போட்டோ பிடி. செல்பி ஆயிரம் பிடிக்கியே, இதுக்கு ஒண்ணு பிடி. பாக்கெட் சாமான்னா கவரைப் பத்திரமா வையி. ஒரு நோட்டுல தேதி, நேரம், தின்னது, நடந்தது நாலு வரி எழுது. தோல் சோதனைன்னா அரிப்பு மாத்திரையை ஒரு வாரம் போல முன்னாலயே நிறுத்தச் சொல்லுவாக, அவுக சொன்னா நிறுத்து. சளி மாத்திரைக்குள்ளயும் அதே சரக்கு பதுங்கி இருக்கும், அதையும் சொல்லிரு.

சோதனை ஒண்ணும் பெரிய சித்திரவதை இல்ல. முன்கையில சொட்டுச் சொட்டா வச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்னக் குத்து. பதினஞ்சு இருவது நிமிசம் காத்திருந்து, தடிப்பை அளப்பாக. வெறும் உப்புத் தண்ணி குத்தின எடத்தை விட 3 மில்லிமீட்டர் பெருசா இருந்தா, அது ஒரு சாட்சி. தீர்ப்பு இல்ல, சாட்சி. தடிப்பு பெருசுன்னா ஆபத்து பெருசுன்னும் அர்த்தம் இல்ல. இன்னொண்ணு கேளு, சிரிப்பு வரும். இறால்ல ஒவ்வாமை கிளப்புற புரதத்துக்கு அண்ணன் தம்பி கரப்பான் பூச்சியிலயும் தூசிப் பூச்சியிலயும் இருக்கான். வீட்டுல கரப்பானோட குடித்தனம் பண்ணினவனுக்கு, இறாலைத் தொடாமலே இறால் சோதனையில தடிக்கலாம். கரப்பான் பண்டம்னு சும்மாவா சொன்னா ஒங்க பூட்டி!

கதை ஒண்ணு சொல்லி, சோதனை இன்னொண்ணு சொன்னா? அப்பத்தான் கடைசிப் பஞ்சாயத்து. ஆசுபத்திரியிலயே ஒக்கார வச்சு, சந்தேகப்பட்டதைத் துளியில ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக் குடுத்து, பக்கத்துலயே மருந்தோட காத்திருப்பாக. அதுக்கு மிஞ்சின தீர்ப்பு கிடையாது. இதைக் கேட்டுட்டு, "நானே வீட்டுல இறாலை நக்கிப் பாத்துருதேன்"னு கிளம்பிராதே. ஒன் இறால் கதையில முதல் ஆளோட கால் தடம் அப்படியே கிடக்கு. டாக்டர் பாக்கற வரைக்கும் இறாலையும் நண்டையும் தொடாதே.

இந்த எடத்துல நான் கேலி பேச மாட்டேன், காதைக் குடு. தின்ன உடனே மூச்சு இழுத்தா, தொண்டை அடைச்சா, கண்ணு இருட்டி மயக்கம் வந்தா, அரிப்பு மாத்திரையைப் போட்டுட்டு வேடிக்கை பாக்கக் கூடாது. அதுக்கு மருந்து அட்ரினலின். தொடையில வெளிப்பக்கச் சதையில போடணும். படுக்கவச்சுக் காலை உசத்து. மூச்சு முட்டினா சாய்ஞ்சு உக்காரட்டும். எந்திரிச்சு நடக்க விடாதே. 108-ஐக் கூப்பிடு. சரியான பொறவும் சில மணி நேரம் ஆசுபத்திரியிலயே இருக்கணும், போனது திரும்பியும் வரலாம். நல்ல டாக்டர் இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கையில குடுத்து அனுப்புவாரு. எழுதிக் குடுக்கலைன்னா கேட்டு வாங்கு.

அப்புறம் ஒன் எட்டு மாசக் குட்டிக்கு வேர்க்கடலையும் முட்டையும் குடுக்கப் பயமா இருக்குன்னு ஒன் பெண்டாட்டி சொன்னா. பயந்து ஒதுக்கறதுல நல்லது இல்லப்பா. லண்டன்ல 640 குழந்தைகளை வச்சுப் பாத்தாக, 2015-ல முடிவு வந்துச்சு. சீக்கிரமே வேர்க்கடலை தின்ன குழந்தைகளுக்கு, அஞ்சு வயசுல அந்த ஒவ்வாமை 80 சதவீதம் போலக் குறைஞ்சிருந்துச்சு. முழுக் கடலையா இல்ல, தொண்டையில சிக்கும். அரைச்சுக் குழைச்சு. மேல கடுமையான கரப்பான் புண்ணு இருந்தாலோ, முட்டைக்கு ஏற்கெனவே ஏதும் வந்திருந்தாலோ, முதல்ல குழந்தை டாக்டரைக் கேளு.

ஆக, கடைசியா ஒண்ணு. எடைக்கல் மாதிரி மனசுல வச்சுக்க. இலையிலருந்து எடுக்கச் சொல்லுதவன் எல்லாம் டாக்டர் இல்ல. எடுக்கறதுக்கு எவனும் வருவான், நானே எடுப்பேன். எதை எடுக்கணும்னு ஒண்ணைக் காட்டி, சிவப்புல கிடந்த முப்பத்தெட்டையும் திரும்பப் பரிமாறுதவன்தான் டாக்டர். பாலுக்கும் முட்டைக்கும் ஒவ்வாமை இருந்த பிள்ளைகள்ல முக்கால்வாசி வளர வளரத் தேறிரும். அதனால வருசம் ஒருதரம் கூப்பிட்டு, "இப்பத் தரலாமா"ன்னு பாக்கணும். ஒருதரம் 'ஆகாது'ன்னு எழுதினவன், அழிக்கவும் ரப்பர் வச்சிருக்கணும்.

பாயசம் வந்துட்டுது. ஆறாவது ஆளைக் காட்டுதேன்னு சொன்னேன்லா? கிட்ட வா. எங்க கல்யாணம் முடிஞ்ச வாரம், மாமியார் வீட்டுல கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு இல்ல, புளி இல்ல, காய் நாருநாரா. வேண்டாம்னு சொன்னா மரியாதை இல்ல. "எனக்குக் கத்தரிக்காய் ஆகாது, மேலெல்லாம் அரிக்கும்"னு ஒரு போடு போட்டேன். அவ்வளவுதான். அம்பத்திரெண்டு வருசம் ஆச்சு. இந்தச் சுத்துப்பட்டு ஊர்ல எந்தப் பந்தியிலயும் எனக்கு ஒரு துண்டு கத்தரிக்காய் எவனும் வைக்கல. ஒங்க ஆச்சி நான் உக்காரும் முன்னாலயே பரிமாறுற பையன்ட்டச் சொல்லி வச்சிருவா. எழுதினது சுலபம், அழிக்கத்தான் முடியல.

அந்தா பாரு, எண்ணெய்க் கத்தரிக்காய் இன்னொரு சுத்து வருது. ஒன் தாள்ல அது சிவப்புதான், ஆனா ஒனக்கு அதுல ஒருநாளாவது அரிச்சிருக்கா? இல்லைலா? அப்பக் கையை எடுத்துட்டு நாலு துண்டு வாங்கு. ரெண்டை நீ தின்னு. ஆச்சி அங்கிட்டுத் திரும்பினதும், மிச்ச ரெண்டைப் பைய என் இலைக்குத் தள்ளு.