இப்போது வேண்டாம்

பக்கத்து வீட்டு மாமாவின் போன் ஒரு நாள் சாயங்காலம் குமரி மாவட்டத்து இனயம் கடற்கரையில் மூச்சு நின்று பிழைத்தது. மீன் கணக்குப் போடும் ஏதோ ஒரு செயலியைத் திறந்தார். திரை வெளுத்தது. பிறகு ஒரு பெட்டி எழும்பி வந்தது: 'செயலி எதிர்பாராமல் நின்றுவிட்டது. அறிக்கை அனுப்பலாமா?' கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'அனுப்பு'. மற்றது 'இப்போது வேண்டாம்'.

"மக்கா, 'ஒருக்காலும் வேண்டாம்'னு எங்க இருக்கு?"

இல்லை. வட்டிக்காரன்கூட வாசலில் நின்று இதைவிட மரியாதையாகக் கேட்பான்.

மாமா ரகசியத்தின் மதிப்பு தெரிந்தவர். கடலுக்கடியில் மீன் அடையும் பார் எங்கே கிடக்கிறது என்பதை அவருடைய அப்பா, கரையில் தெரியும் மலையையும் கோவில் கோபுரத்தையும் கண்ணால் நேர்கட்டி மனசில் வைத்திருந்தார். மகனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மாமா காலத்தில் அது ஜிபிஎஸ் எண்ணாக மாறிற்று. அந்த எண்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அந்தோணியார் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறார். சொந்த மச்சினன் கேட்டும் கொடுக்கவில்லை. அன்றைக்கு முறிந்த பேச்சு இன்னும் ஒட்டவில்லை. அவருடைய தனியுரிமைச் சட்டம் ஒரே வரி: சொன்னால் மீன் போச்சு. விதிவிலக்கு கிடையாது.

நாட்டின் சட்டத்துக்கு உண்டு. 2023-இல் நிறைவேறிய தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், தவறு செய்யும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று மிரட்டுகிறது. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. 17-ஆம் பிரிவுக்கு வந்தால், மத்திய அரசு தனக்கு வேண்டிய அரசு அமைப்பை அறிவித்து, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற பெயரில் சட்டத்துக்கு வெளியே நிறுத்திக்கொள்ளலாம். வேலியை முள்கம்பியில் போட்டுவிட்டு, கதவை மட்டும் தன் வீட்டுக்குள் திறந்து வைத்துக்கொண்ட கதை.

சரி, அந்த அறிக்கையில் என்னதான் போகிறது? போனின் மாடல், மென்பொருளின் பதிப்பு, மீதமிருக்கும் நினைவகம், எந்த வரியில் தடுக்கி விழுந்தது என்ற தடம். இவை போனால் பெரிய நஷ்டமில்லை என்றுதான் தோன்றும். சில அறிக்கைகள் இன்னொன்றையும் அள்ளிக்கொண்டு போகும்: விழுந்த நொடியில் நினைவகத்தில் கிடந்தது எதுவோ, அது. பாதி அடித்த செய்தி கிடக்கலாம், கடவுச்சொல் கிடக்கலாம். வள்ளத்தில் ஒரு பலகை விரிந்ததென்று ஆசாரியைக் கூப்பிட்டால், பலகையோடு சேர்த்து வீட்டுக்காரியின் அடுக்களை டப்பாவையும் 'ஆய்வுக்கு' என்று தூக்கிப் போவது மாதிரி.

அறிக்கையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. மொத்தக் கோளாறில் 80 சதவீதத்துக்குக் காரணம் 20 சதவீதப் பிழைகள்தாம் என்று மைக்ரோசாஃப்ட் 2002-இல் கண்டுகொண்டது இந்த அறிக்கைகளை வைத்துத்தான். ஆனால் அதே விண்டோஸ் பிழை அறிக்கைகளை அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ வழியில் மறித்துப் படித்தது என்று ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் 2013 டிசம்பரில் எழுதியது. யாருடைய கணினியில் எந்த ஓட்டை என்று திருடன் தேடி அலைய வேண்டாம். கணினியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. 2023-இல் அமெரிக்க அரசுத் துறைகளின் மின்னஞ்சலுக்குள் சீன ஊடுருவிகள் புகுந்தார்கள். அவர்கள் கையில் இருந்த திறவுகோல், 2021-இல் ஒரு கணினி விழுந்தபோது சேமித்த நினைவகக் கோப்பின் வழியாக வெளியே போயிருக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் விளக்கம் சொன்னது. மறுவருடம், 'திறவுகோல் இருக்கும் அப்படியொரு கோப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்று அதுவே திருத்தியது. உலகத்தின் பிழைகளையெல்லாம் வாங்கி அடுக்கும் கடையின் சொந்தப் பிழைக்கு அறிக்கை இல்லை.

டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2021-இல் அளந்து பார்த்தார். ஆண்ட்ராய்டோ ஐபோனோ, சும்மா கிடக்கும்போதுகூட, சராசரியாக நான்கரை நிமிடத்துக்கு ஒருமுறை தன் கம்பெனியோடு பேசுகிறது என்றார். கணக்கு சரியில்லை என்று கூகுள் மறுத்தது. எனக்கு அந்த நான்கரை நிமிடத்தைப் படித்தபோது வேறொரு கணக்கு நெஞ்சில் குத்தியது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதினார்கள். சரியாக 98-ஆம் நாள், நவம்பர் 30, ஒக்கி புயல். ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த தூத்தூர் வட்டாரத்துப் படகுகளுக்குக் கரையிலிருந்து ஒரு சொல் போய்ச் சேர வழியில்லை. கடலில் எத்தனை பேர் என்று கேட்டால் அரசிடம் ஒரு நாள் ஒரு எண், மறுநாள் வேறு எண். காணாமல் போனவர்களின் பெயரைப் பங்குக் கோவில்களில் உட்கார்ந்து நோட்டில் எழுதினார்கள். கைரேகை வாங்கியாயிற்று, கருவிழி வாங்கியாயிற்று, ஆதார் எண் வாங்கியாயிற்று. ஆளைக் காணோம் என்றபோது மட்டும் நோட்டும் பேனாவும். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் அனுப்பிய பிழை அறிக்கை அது. அதுவரை அரசு அமுக்கிக்கொண்டிருந்த பொத்தான் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய வருடம், 2016 ஜூலையில், இனயத்தில் சர்வதேசச் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. பெட்டகம் வரும் என்றார்கள். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கும் பெட்டி மட்டும் வரவில்லை. ஊர்கள் தெருவில் இறங்கிய பிறகு திட்டம் கன்னியாகுமரிக்கு அருகே கோவளம் பக்கம் நகர்ந்தது.

ஒக்கிக்குப் பிறகு கருவி வந்தது. குறை சொல்ல மாட்டேன், நாங்கள் கேட்டதுதான். 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்ப டிரான்ஸ்பாண்டர். 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் பால்கரில் தொடங்கிவைத்தார். ஆபத்தென்றால் செய்தி அனுப்பலாம், புயலென்றால் கரையிலிருந்து செய்தி வரும். உயிர் காக்கும் சாமான். ஆனால் படகு எங்கே ஓடியது, எங்கே நின்றது என்பதும் அதில் பதிவாகும். மாதத்தில் பத்துத் தடவை ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் என்ன? மாமாவின் பார். அந்தோணியாருக்குப் பின்னால் ஒளித்தது திரையில் புள்ளியாக மினுங்கும். அந்தத் திரையை யார் யார் பார்க்கலாம்? எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? நாளைக்கு இதே கடலில் பெட்டகமோ எண்ணெயோ மணலோ தேடி வருகிறவனுக்கு அதில் ஒரு பிரதி உண்டா? படகுக்காரனுக்குப் புரியும் தமிழில், கருவியைப் பொருத்தும் அன்றைக்கே, கையில் ஒரு தாளாகத் தரவேண்டிய பதில்கள் இவை.

கேட்காமலே ஏற்றும் வழக்கம் போனிலும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை புதிய போன் எல்லாவற்றிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. நாடு முழுக்கச் சத்தம் கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று திரும்ப வாங்கிக்கொண்டது. விருப்பப்பட்டுத்தான் இத்தனை பேர் ஏற்றுகிறார்களே, கட்டாயம் எதற்கு என்று காரணமும் சொன்னது. நல்ல காரணம். உத்தரவு போடும் முன்பே தோன்றியிருக்கலாம்.

மாமாவின் போனுக்கு வருகிறேன். அமைப்புகளுக்குள் போய், தனியுரிமைக்குள் போய், அதற்குள் 'மேலும்', அதற்குள் 'மேம்பட்டவை', கடைசியில் 'எங்கள் சேவையை மேம்படுத்த உதவுங்கள்' என்ற பெயரில் ஒளிந்திருந்தது அந்தச் சுவிட்ச். பாதாளக் கரண்டி போட்டுத் தூக்கியது மாதிரிதான். அணைத்துக் கொடுத்தேன். மாமாவுக்கு நோட்டைத் திருப்பி வாங்கிய சந்தோஷம். மாமி கட்டன் சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் தந்தார்.

இரண்டு நாள் கழித்து, வலை பொத்திக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு போனை நீட்டினார். ராத்திரி அப்டேட் வந்திருக்கிறது. சுவிட்ச் பழையபடி பச்சை.

"இது எனக்க போனா, அவனுக்க போனா மக்கா?"