வெறும் வயிறு ஒன்றுதான்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து வீட்டில் தும்மித் தொலைத்தேன். ஒரே ஒரு தும்மல். அவ்வளவு சாம்பிராணிப் புகைக்கு யானையே தும்மும். ஆனால் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "எதிர்ப்பு சக்தி போயிடுச்சு சார் உங்களுக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். யாரென்று இன்றுவரை தெரியாது. தாய்மாமன் வகையறாவாக இருக்கலாம். பாயசம் வருவதற்குள் பக்கத்து இலை, அதற்கும் பக்கத்து இலை, பரிமாறுகிறவர் என்று ஆளுக்கொரு மருந்து. பரிமாறியவர் கற்பூரவல்லி என்றார். ரசத்தை ஊற்றிவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

எதிர்ப்பு சக்தியை இயற்கையாக வளர்க்க என்னிடமும் ஒரு யோசனை உண்டு. கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த வெறும் வயிற்று விவகாரத்தை ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு வெறும் வயிறுதான். நாட்டில் உள்ள அத்தனை மூலிகையும் அதற்குத்தான் துண்டு போட்டு வைத்திருக்கிறது. அருகம்புல் சாறா, வெறும் வயிற்றில். ஊறவைத்த வெந்தயமா, வெறும் வயிற்றில். நெல்லிக்காய்ச் சாறு, பச்சைப் பூண்டு, வேப்பங்கொழுந்து, தேன் விட்ட எலுமிச்சை வெந்நீர், இஞ்சிச் சாறு, எல்லாமே வெறும் வயிற்றில். அருகம்புல் உள்ளே போன மறுகணம் அது வெறும் வயிறு இல்லை, அருகம்புல் வயிறு. பிறகு வெந்தயத்தை எந்த வயிற்றில் போடுவது? "அரை மணி நேரம் விட்டுக் குடிங்க" என்கிறார்கள். சரி, விட்டுப் பார்ப்போம். அருகம்புல் ஐந்து மணி, வெந்தயம் ஐந்தரை, நெல்லிக்காய் ஆறு, பூண்டு ஆறரை, வேம்பு ஏழு, எலுமிச்சை ஏழரை, இஞ்சி எட்டு, நிலவேம்புக் கஷாயம் எட்டரை. காபி ஒன்பது மணிக்கு! ஒன்பது மணி வரை காபி இல்லாமல் ஒருவன் உயிரோடு இருந்தால் அவனை எந்தக் கிருமி என்ன செய்துவிட முடியும்? நல்லெண்ணெய் கொப்பளிப்பது மட்டும் வயிற்றுக்குள் போகாததால் வரிசையில் முந்திக்கொள்ளலாம் என்று என் மச்சினன் சலுகை காட்டியிருக்கிறான். சித்தர்கள் விவரமானவர்கள். இஞ்சியைக் காலைக்கும் சுக்கை நடுப்பகலுக்கும் கடுக்காயை மாலைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாம்தான் மாலையை பஜ்ஜிக்கு எழுதிவைத்துவிட்டு, எல்லாக் கணக்கையும் விடியற்காலையில் தீர்க்கப் பார்க்கிறோம்.

கஷாயத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. 2020இல் கபசுரக் குடிநீரை அரசே கொடுத்தபோது நானும் டம்ளரோடு நின்றவன்தான். அதில் 15 சரக்கு. ஆடாதோடை, அக்கரகாரம், சிறுகாஞ்சொறி வேர் என்று பெயரைப் படித்தாலே பாதிச் சளி இறங்கிவிடும். டெங்கு சமயத்து நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்கு. மச்சினன் இரண்டு பொடியையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி, "இருபத்துநாலு மூலிகை மாமா!" என்றான். நிலவேம்பும் சுக்கும் கோரைக்கிழங்கும் இரண்டிலுமே இருக்கின்றன, எனவே 21தான் என்றேன். "அப்ப இன்னும் மூணு சேத்துக்கலாம்" என்று வேலியில் படர்ந்திருந்த சீந்தில் கொடியைப் பார்த்தான். சீந்தில் ஏற்கெனவே உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் எனக்கு நிஜமாகவே எரிகிறது. சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் வழக்கு நடக்கட்டும். எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்று ஒரு சித்த மருத்துவரைக் கேட்டால் குறைந்தா போய்விடுவோம்? தக்காளிக்குக் கடைக்காரரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற ஜனம், வேருக்கும் கொடிக்கும் ஒரு கேள்வி கேட்பதில்லை. இயற்கையாம். எட்டிக்காயும் இயற்கைதான். எதிர்ப்பு சக்தி என்பதும் ஏற ஏற லாபம் என்று நினைப்பு. அலர்ஜி என்பதே அந்தச் சக்தி ஆளில்லாத இடத்தில் கம்பு சுற்றுவதுதான். ஆள் மாறிச் சொந்த மூட்டையே அடித்தால் அதற்குப் பெயர் முடக்குவாதம்.

கடைசியில் சொல்கிறேன் என்ற என் யோசனை இதுதான்: தூக்கம். 2009இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 153 பேர் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டு, தனியே அடைத்துவைத்துப் பார்த்தார்கள். ஏழு மணி நேரம்கூடத் தூங்காதவர்களுக்கு, எட்டு மணி நேரம் தூங்குகிறவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. மச்சினனிடம் சொன்னேன். பயபக்தியோடு கேட்டுக்கொண்டான்.

மறுநாள் நாலே முக்காலுக்கு வாட்ஸப் அலறியது. தூக்கம் வர ஜாதிக்காயைப் பாலில் இழைத்துக் குடிக்கும் முறை, படத்துடன். போனை அணைத்துவைத்துப் படுத்தால் அவனே நேரில் வந்துவிடுகிறான், கையில் பிளாஸ்க்கோடு.