வாசலோடு நின்றவர் வாதம்

கைவிடப்பட்ட சுரங்கம் என்பது, மனிதன் எதையோ தேடி மலையைக் குடைந்து, அது கிடைத்தோ கிடைக்காமலோ திரும்பிச் சென்றபின், குடைந்த துளையை மூடவேண்டும் என்ற எண்ணம் மட்டும் எவருக்கும் தோன்றாததால் எஞ்சி நிற்கும் வெற்றிடமாகும். இதனுள் நுழைவோரை இரு வகையினராகப் பிரிக்கலாம்: பொன்னுக்காக நுழைந்தவர் முதல் வகையினர், புகைப்படத்துக்காக நுழைபவர் இரண்டாம் வகையினர். நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கூடலூரைக் கடந்ததும் வரும் தேவாலா, பந்தலூர் வட்டாரத்துப் பொற்சுரங்கங்கள் இவ்விரு வகையினரையும் பார்த்துவிட்டவை. வாசல் வரை சென்று, எட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்புபவர் என்று மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அவ்வகையினரை நூல்கள் பொருட்படுத்தியதில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டுரையாளரும் அவ்வகையைச் சேர்ந்தவர் என்பது தற்செயலானது.

தென்கிழக்கு வயநாடு என அன்று அழைக்கப்பட்ட இப்பகுதி, 1877-இல் மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே குறும்பரும் பணியரும் இங்கு ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொன்துகள் எடுத்து வந்தனர். அவர்கள் பங்குப்பத்திரம் எதுவும் வெளியிடவில்லையாதலால் அதனால் எவரும் திவாலாகவில்லை. 1879-இல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் பிரவ் ஸ்மித் என்பவரை அரசு வரவழைத்தது. அவர் கற்களைச் சோதித்து எழுதிய நம்பிக்கை ததும்பும் அறிக்கை லண்டனில் பரவியதும், மலையைப் படத்தில்கூடப் பார்த்திராத கனவான்கள் முண்டியடித்துக்கொண்டு பணம் கட்ட, முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பவுன் பெயரளவு மூலதனத்தோடு முளைத்தன. இங்குப் பவுன் என்பது ஆங்கிலேய நாணயத்தைக் குறிக்குமேயன்றி, எட்டுக் கிராம் கொண்ட நகைக்கடைப் பவுனைக் குறிக்காது; எனினும் முந்தையது பிந்தையதாக மாறும் என்ற நம்பிக்கையில்தான் முதலீட்டாளர் பணம் கொடுத்தனர். சில ஆண்டுகளுக்குள் அக்கனவு கலைந்தது. தமிழ் வாசகருக்குப் பழகிய கணக்கில் சொல்வதானால், தேவாலாவில் செய்கூலியும் இருந்தது, சேதாரமும் இருந்தது. நகை மட்டும் இல்லை.

இதன் காரணத்தைப் பாறையியல் விளக்குகிறது. இங்குள்ள பொன், குவார்ட்ஸ் எனப்படும் வெண்படிகக் கல்லின் நரம்புகளில், கண்ணுக்குத் தெரியாத துகள்களாகவும், பெரும்பகுதி பைரைட் எனப்படும் இரும்புக் கந்தகக் கல்லோடு ஒட்டியும் கிடக்கிறது. பைரைட் பொன்னைப் போலவே மின்னும். ஆனால் அடகுக்கடைக்காரர் அதை வாங்கமாட்டார். நிலத்தின் மேற்பரப்பில், மழையும் காற்றும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தாக்கிப் பைரைட்டைக் கரைத்துவிடுவதால், அதில் சிறைப்பட்டிருந்த பொன் விடுபட்டுத் தங்கிவிடுகிறது. ஆகவே மேல்மட்டக் கல்லைச் சோதிப்பவருக்கு மலை முழுவதும் செல்வமாகத் தோன்றும். ஆழத்தில் அந்தத் தாராளம் இல்லை. நீலகிரிக்கு ஏற்றப்பட்ட இயந்திரங்களில் முதன்மையானது, வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகளால் கல்லை இடித்து மாவாக்கும் ஆலை. அந்த மாவை நீரோடு பாதரசத்தின் மேல் ஓடவிட்டால், விடுபட்ட பொன் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். பைரைட்டுக்குள் பதுங்கிய பொன் ஒட்டாமல் கழிவோடு போய்விடும். இடித்தது மிகுதி, ஒட்டியது சொற்பம்.

இதிலிருந்து கட்டுரையாளர் ஒரு கொள்கையை வகுக்கிறார்: தேவாலாவில் செல்வம் வாசலில் இருந்தது, உள்ளே போகப்போகக் குறைந்தது, ஆகவே வாசலோடு நிற்பவர் கோழையல்லர், பாறையியல் அறிந்தவர். இக்கொள்கைக்குக் கோலார் ஓர் இடைஞ்சல் என்பதை மறைப்பதற்கில்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தொடங்கப்பெற்ற கோலார் தங்கவயலில், தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகச் சென்று மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்க, 2001-இல் மூடப்படும் வரை அம்மண் பொன் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் கோலார் கர்நாடகத்தில் உள்ளது. இக்கட்டுரையின் எல்லை கூடலூர் வட்டாரத்தோடு முடிகிறது.

சுரங்க வாயிலை அடையும் வழியைப் பற்றியும் சொல்லவேண்டும். தேயிலைத் தோட்டத்தைக் கடந்து, காட்டு விளிம்பில் ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது, தென்மேற்குப் பருவமழையில் ஊறிய இம்மண்ணில் அட்டைகள் புல்நுனியில் எழுந்து நின்று வரவேற்கின்றன. கட்டுரையாளரை அழைத்துச் சென்ற தோட்டத் தொழிலாளி, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தொடங்கப்பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையினர்; அவர் காலில் ஓர் அட்டைகூட ஏறவில்லை. மொழி ஒன்றே ஆயினும், அட்டைகள் நகரத்து இரத்தத்தைத் தனியே இனங்காண்கின்றன.

வாயில் என்பது மலைச்சரிவில் கிடைமட்டமாகக் குடையப்பட்ட, ஆள் குனிந்து நுழையும் அளவிலான துளை. இதனைக் கிடைச்சுரங்கம் என்பர். செங்குத்தாக இறங்குவது குழிச்சுரங்கம். இது பெரணிச் செடிகளுக்கு அடியில் மறைந்திருந்து, கால் வைத்தபின்பே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இயல்புடையது. கிடைச்சுரங்கத்தின் தரையிலும் இத்தகைய குழிகள் உண்டு. தேங்கிய நீர் அவற்றைச் சமதரையாகக் காட்டும். கூரையைத் தாங்க நிறுத்திய மரங்கள் எப்போதோ மட்கிப்போனவை. இவற்றைவிடக் கொடியது காற்று. மட்கும் மரமும், ஈரத்தில் கரையும் பைரைட்டும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால், உள்ளே மணமோ நிறமோ இன்றி மூச்சுக்கு உதவாத காற்று தேங்கிவிடுகிறது. கைப்பேசி விளக்கு அங்கும் பிரகாசமாகவே எரியும், பிடித்திருப்பவர்தான் சாய்வார். பொன்னை விடாத கல் காற்றையும் விடுவதில்லை என்பது அதன் குணத்துக்கு ஒத்ததே.

இவ்வளவையும் அறிந்திருந்தும் கட்டுரையாளர் இரண்டு அடி உள்ளே வைத்தார் என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்யவேண்டியுள்ளது. மூன்றாம் அடிக்கு முன் ஒரு வௌவால் அவரது காதை உரசிச் சென்றது. அதன்பின் அவர் வெளியே நின்றதை அவரே சற்றுத் தாமதமாகத்தான் அறிந்தார். வழிகாட்டி சிரிக்கவில்லை. “உள்ளே ஒண்ணும் இல்ல சார், இருந்திருந்தா வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போயிருப்பானா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்தார். பிரவ் ஸ்மித்தின் அறிக்கைக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்புரை எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆயினும் அனைவரும் இம்மறுப்புரையை ஏற்பதில்லை. இன்றும் இரவில் இந்தக் குழிகளுக்குள் சட்டவிரோதமாக இறங்கி மண் எடுத்து அலசுவோர் உள்ளனர். மண் சரிந்து மாண்டவர்களும் உள்ளனர். அவர்களைப் பற்றிச் சிரிக்க இடமில்லை.

சுரங்கத்தை வெளியிலிருந்து காண விரும்புவோர், வனத்துறையிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் முதலில் அனுமதி பெறவேண்டும். யானைகள் நடமாடும் பகுதியாதலால் மாலை நான்கு மணிக்குள் சாலைக்குத் திரும்பிவிடவேண்டும். விளக்கு தேவையில்லை. அட்டைகளுக்காக உப்புப் பொட்டலம் இரண்டு எடுத்துச் செல்லவும், ஒன்று போதாது.