கேட் தேர்வுக் கால அட்டவணைச் சுவடிகள்: பாடபேதமும் இடைச்செருகலும் – ஓர் ஆய்வு

1. முன்னுரை

கேட் தேர்வுக்குத் தனியாக உட்கார்ந்து படிப்பவன் பாதியில் தடம் மாறாமல் இருக்க வழி சொல்லாதவர் இன்று நாட்டில் இல்லை. எழுதித் தேறியவர், எழுதித் தேறாதவர், எழுதாமலேயே கருத்துடையவர் என மூவகையினரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் படிப்பைப் பற்றிப் பேசினார்களேயன்றி, படிப்புக்கு முன் வரையப்படும் கால அட்டவணையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை எழுகிறது. இப்படி ஓர் இடைவெளி இருப்பது எவருக்கும் தெரியாது என்பதே ஆய்வின் தேவையைக் காட்டும்.

1.1 ஆய்வு எல்லை: பாளையங்கோட்டையில் என் அக்கா வீட்டு மாடி அறை. வடக்கே கொடிக்கயிறு, தெற்கே தண்ணீர்த்தொட்டி, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலம்.

1.2 ஆய்வுப் பொருள்: அக்கா மகன். பி.இ. எலக்ட்ரிக்கல் முடித்தவன்.

1.3 முதன்மைத் தரவு: அவன் வரைந்த நான்கு அட்டவணைகள். துணைமைத் தரவு: அக்கா.

1.4 கருதுகோள்: பிறகு தெரிவிக்கப்படும். முடிவு தெரிந்தபின் அதற்கேற்ற கருதுகோளை முன்னால் கொண்டுபோய் வைப்பதே நம் ஆய்வேடுகளின் நடைமுறை. மரபை மீற எனக்கு மனமில்லை.

2. சொல்லாராய்ச்சி

கேட் என்பது வாசலன்று. 'கேள்' என்னும் வினையடியாகப் பிறந்து, கேள்வி கேட்பதால் கேட் ஆயிற்று என்று கொள்ளலாம். 'கேடு' என்பதன் ஈறு கெட்ட வடிவமே இது என்பது அத்தானின் துணிபு (அத்தான், திண்ணை, செய்தித்தாள் மடித்த நிலையில்). ஆங்கிலத்தில் நாலைந்து சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து வைத்த பெயர் என்று மருமகன் சொல்கிறான். இவ்வளவு எளிய விளக்கம் சொல்லாராய்ச்சியில் ஏற்கத்தக்கதன்று.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.களும் முறைவைத்து நடத்தும் தேர்வு இது. 65 கேள்விகள், 100 மதிப்பெண், 180 நிமிடம். எலக்ட்ரிக்கல் தாளில் பொது அறிதிறனுக்கு 15, கணக்குக்கு 13, பாடத்துக்கு 72. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா பிழைத்தால், ஒரு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் ஒன்றும் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் இரண்டும் கழியும். 2021இல் புதுவகை ஒன்று புகுந்தது. அதில் சரியான விடை ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். ஒன்றை விட்டுவிட்டாலும் மதிப்பெண் முழுதும் போய்விடும். ஆனால் கையிலிருப்பது கழியாது. சொந்தக் கால்குலேட்டர் கூடாது. திரையில் ஒன்று தோன்றும், அதைத்தான் சுட்டியால் அமுக்க வேண்டும். பெற்ற மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், என் பிஎச்.டி. பதிவுக்கு உள்ளதுபோல் நீட்டிப்பு கிடையாது. இதைக் கொண்டு எம்.டெக். சேர்ந்தவர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அக்கா இதைத் தெருவில் சம்பளம் என்றே சொல்லிவைத்திருக்கிறாள்.

3. சுவடிகள்

நான்கு அட்டவணைகளையும் கிடைத்த வரிசையில் அ, ஆ, இ, ஈ எனக் குறிக்கிறேன். 'அ' காலண்டர் அட்டையின் பின்புறம். 'ஆ' கல்யாணப் பத்திரிகையின் பின்புறம். முன்புறத்து மணமக்களுக்கு இப்போது ஒரு குழந்தை இருப்பதால் காலம் கணிக்க வசதி. 'இ', 'ஈ' சார்ட் பேப்பர். நான்கும் அடிக்கோல் வைத்து, நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றையும் வரைய ஒரு முழுநாள் ஆயிற்று என்றும், அந்நாளில் வேறு படிப்பு நடக்கவில்லை என்றும், ஆனால் அன்றைக்குப்போல் அவன் முகம் தெளிவாக இருந்ததில்லை என்றும் தெரிகிறது (அக்கா, சமையற்கட்டு, இரண்டாம் விசில்).

நான்கின் தலைப்பிலும் 'நாளை முதல்' என்றிருக்கிறது. தேதி இல்லை. ஆகவே அந்த 'நாளை' எந்த நாள் என்பதே முதல் சிக்கல். வரைந்த நாளுக்கு மறுநாள் என்பார் இலக்கணிகள். அவர்கள் படித்தவர்கள், படிக்கிறவர்கள் அல்லர். வரைந்தது எந்த நாளாயினும் அடுத்த திங்கட்கிழமையையே குறிக்கும் என்பது இரண்டாம் கட்சி. ஒண்ணாந்தேதி என்பது மூன்றாம் கட்சி. பொங்கல் கழிந்து என்று கொள்வாரும் உளர். தேர்வு பிப்ரவரியில் வருவதால் இவ்வுரைப்படி சில வாரங்களே எஞ்சும். மருமகனையே கேட்டேன். “நாளைக்குன்னா நாளைக்குத்தான் மாமா” என்றான். வட்டமாகச் செல்லும் இத்தகைய உரையை நம் மரபு நன்கறியும். நூலாசிரியர் விளங்கும்படி சொன்னதை விளங்காதபடி விரித்து, கடைசியில் 'வெளிப்படை' என்று முடிக்கும் உரைகளைப் பாடமாகப் படித்துத்தான் நானும் எம்.ஏ. தேறினேன்.

3.1 எழும் நேரம்

'அ' சுவடியில் எழும் நேரம் 4.30. 'ஆ'வில் 5.15. 'இ'யில் 6.00. 'ஈ'யில் 6.45. சோம்பல் என்று பாமரர் சொல்வர். ஆனால் படிக்குப் படி முக்கால் மணி என ஒரே சீராக நகர்வதைப் பார்த்தால் இது பெயர்த்தெழுதியவர் பிழையாகவே படுகிறது. இதே வீதத்தில் பின்னோக்கிச் சென்றால் 'அ'வுக்கு முன் எட்டுச் சுவடிகள் இருந்து அழிந்திருக்க வேண்டும். அவற்றுள் முதலாவது இரவு 10.30க்கு எழச் சொல்லியிருக்க வேண்டும். ஆசிரியன் படுப்பதோ 11 மணிக்கு (அத்தான், மேலது, செய்தித்தாள் விரித்த நிலையில்). எனவே மூலநூல், படுப்பதற்கு அரைமணி முன்பே எழும்படி பணித்தது என்று நிறுவப்படுகிறது. கறையானுக்கு இரையான அந்த எட்டையும் நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

3.2 டிக்

முடித்த பாடத்துக்கு எதிரே பச்சையில் டிக் போடுவது ஆசிரியன் வழக்கம். நான்கு சுவடிகளிலும் திங்கட்கிழமை நெட்வொர்க் தியரி. நான்கிலும் டிக் உண்டு. செவ்வாய் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், இரண்டில் டிக். புதன் மெஷின்ஸ், ஒன்றில் அரை டிக். வெள்ளிக்கிழமையின் பவர் எலக்ட்ரானிக்ஸ் வாங்கியபோது இருந்த வெண்மை மாறாமல் இருக்கிறது. ஒவ்வொரு புது அட்டவணையும் முதலிலிருந்தே தொடங்குவதால் ஓராண்டில் கிர்ச்சாஃபின் விதிகளை நான்கு முறை கரைத்துக் குடித்திருக்கிறான். இதில் அவனைத் தனித்துக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 'ஆசிரியர் வாழ்வும் காலமும்' என்ற முதல் இயலை மட்டும் எழுதி முடித்து, அதையே திருத்தித் திருத்தி ஓய்வுபெற்ற பேரறிஞர் ஒருவரிடம்தான் நான் பயின்றேன்.

3.3 இடைச்செருகல்

இக்கட்டுரையின் உயிர்நாடி இப்பகுதி. அவசரக்காரர்கள் இதை மட்டும் படித்தால் போதும்.

'இ' சுவடியில் 'வியாழன் 6–7: கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்' என்னும் கட்டத்துக்குள், அதன் கீழே, இப்படி ஒரு வரி காணப்படுகிறது: 'பால் 2, கருவேப்பிலை, சிலிண்டர் புக்.'

இது மூலபாடமா, பிற்சேர்க்கையா? பிற்சேர்க்கை என்பார் மூன்று காரணம் சொல்வர். ஒன்று, கையெழுத்து வேறு. இரண்டு, மற்றவை ஸ்கெட்ச் பேனா, இது சமையற்கட்டில் கட்டித் தொங்கும் பால்பாயிண்ட் பேனா. மூன்று, பொருள் இயையவில்லை. மூன்றையும் மறுக்கிறேன். கையெழுத்து மனநிலைக்கேற்ப மாறும். பேனா மை தீரும். பொருள் இயையாமை கண்ட்ரோல் சிஸ்டம்ஸுக்குப் புதிதன்று. இனி என் தரப்பு. 'கண்ட்ரோல்' – 'கருவேப்பிலை', 'சிஸ்டம்ஸ்' – 'சிலிண்டர்'. மோனை எவ்வளவு அழகாகப் பொருந்தி வருகிறது பாருங்கள். தற்செயலாக இப்படி அமையுமா? ஆகவே இவ்வரி மூல ஆசிரியன் வாக்கே. 'பால் 2' என்பதில் இரண்டு என்னும் எண், பின்னூட்டம் உள்ளதும் இல்லாததுமாகக் கண்ட்ரோல் சிஸ்டம் இருவகைப்படும் என்பதைக் குறிப்பால் உணர்த்திற்று.

இந்த முடிவோடு அக்காவைச் சந்தித்தேன். “ஏல, அது எழுதுனது நாந்தாம்ல. கடைக்குப் போவச் சொல்லி எழுதிவச்சேன், அவன் போவவே இல்ல” என்றாள் (அக்கா, மொட்டைமாடி, கிழக்கு முகமாகத் துணி காயப்போட்டபடி, மூன்றாவது வேட்டிக்கும் நான்காவது வேட்டிக்கும் இடையே, கூற்றின் பிற்பகுதி பக்கத்து வீட்டு மோட்டார் ஓடியதால் சிதைந்துள்ளது. கிடைத்த எழுத்துகளைக் கொண்டு மீட்டால் அது என்னைப் பற்றியதாக இருக்கலாம்). எழுதியவர் உயிரோடிருந்து சொல்வதை ஆதாரமாகக் கொண்டால் இலக்கிய ஆராய்ச்சி என்றொரு துறை இருக்கவே முடியாது. சான்று தள்ளப்பட்டது.

4. காலமும் கோளும்

ராகுகாலம் சனிக்கிழமை 9 முதல் 10.30, ஞாயிறு 4.30 முதல் 6. எமகண்டம் சனி 1.30 முதல் 3, ஞாயிறு 12 முதல் 1.30. தினசரிக் காலண்டர் உள்ள வீட்டில் யாரும் அறிந்ததே. கேட் தேர்வு அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில், காலை 9.30 முதல் 12.30, மதியம் 2.30 முதல் 5.30 என நடக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த முதல் ஆய்வாளன் நான்தான். சனி காலைத் தேர்வு ராகுகாலத்தில் தொடங்குகிறது. சனி மதியத் தேர்வு எமகண்டத்தில் தொடங்குகிறது. ஞாயிறு காலை எமகண்டத்தில் முடிகிறது. ஞாயிறு மதியம் ராகுகாலத்தில் முடிகிறது. நான்கு வேளையில் ஒன்றுகூடத் தப்பவில்லை. நாட்டின் தலைசிறந்த எட்டு நிறுவனங்கள் கூடி இதைச் சாதித்திருக்கின்றன.

மருமகனுக்கு வாய்த்தது ஞாயிறு மதியம். அதற்குள் 3 முதல் 4.30 வரை குளிகை வேறு. குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்பது ஊரறிந்த விதி. நகையடகு வைக்க ஆகாது, வாங்க ஆகும். “குளிகைல பரீட்சை எழுதுனா இன்னொருக்க எழுதணும்ல” என்று ஹால் டிக்கெட் வந்த அன்றே அக்கா சொல்லிவிட்டாள் (அக்கா, காலண்டர் முன், கண்ணாடி இல்லாமல், தாளைக் கிழிக்கும் முன்னும் கிழித்த பின்னும் இருமுறை). அப்படியே ஆயிற்று. மறு ஆண்டும் எழுதினான், அதுவும் ஞாயிறு மதியமே. கோட்பாட்டின்படி மூன்றாம் முறையும் எழுதியாக வேண்டும். ஆனால் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. கோட்பாட்டில் பிழையில்லை, தரவுதான் வழுவிவிட்டது.

5. பிற உத்திகள்

கைபேசியை ஒப்படைத்தல்: அக்காவிடம் கொடுத்தான். அக்கா அதில் சீரியல் பார்த்தாள்.

கூட்டுப்படிப்பு: டீக்கடை.

கிரேவாலின் 'ஹையர் இன்ஜினியரிங் மேத்தமேட்டிக்ஸ்': ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஆடிக்காற்றுக்கு மாடிக்கதவு அடித்துக்கொள்ளாமல் இருந்ததற்கு இந்நூலே காரணம்.

என்பிடெல் காணொலிகள்: ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள், காசில்லாமல் கிடைப்பவை. நூற்றுக்கணக்கில் இறக்கிவைத்தான். இறக்கினால் பார்த்ததற்குச் சமம் என்பது இத்தலைமுறையின் நம்பிக்கை. ஜெராக்ஸ் எடுத்தால் படித்ததற்குச் சமம் என்னும் ஆய்வாளர் கோட்பாடு இதற்கு மூத்தது. என் வீட்டுப் பரணே சான்று.

ஐந்திணை: பொருத்தாமல் விட்டால் ஆய்வேடு திரும்பிவரும் என்பதால், மாடி அறை பாலை. மற்ற நான்கும் இடமின்மையால் விடப்பட்டன.

6. ஐயத்துக்குரிய ஒரு சுவடி

இரண்டாம் ஆண்டில் மருமகன் அட்டவணை எதையும் வரையவில்லை. ஸ்கெட்ச் பேனாக்கள் காய்ந்துபோயின. ஆய்வாளன் என்ற முறையில் எனக்கு இது பேரிழப்பு. “என்னல, ஒண்ணும் வரையலியா?” என்று கேட்டுப் பார்த்தேன். “மாமா, நீங்க கொஞ்சம் கீழ போறீங்களா” என்றான்.

அந்த ஆண்டைச் சேர்ந்ததாக ஒன்றே ஒன்று என் கண்ணில் பட்டது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. கட்டமில்லை, வண்ணமில்லை, 'நாளை' என்ற சொல்லே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு தேதி, 2.30 என்றொரு குறிப்பு, அதன்கீழ் ஓர் எண். எண்ணுக்குக் கீழே சில கணக்குகள், அடித்துத் திருத்தி, சில இடங்களில் ஆங்கிலத்தில் 'மறுபடியும் அதே தப்பு' என்று எழுதி. தேதிகள் யாவும் ஞாயிற்றுக்கிழமைகள். எண்கள் 38, 41, 33, 30, 30, 26 என்று போய்க் கடைசியில் 11இல் நிற்கின்றன. எந்த எண்ணும் 65ஐத் தாண்டவில்லை. ஏனென்று விளங்கவில்லை.

அட்டவணைக்குரிய இலக்கணம் ஒன்றும் இதில் அமையாததால் தொகுப்பில் சேர்க்கவில்லை. மேலும் ஆராய நோட்டைக் கேட்டபோது அவன் கரக்பூருக்கு ரயிலேறிக்கொண்டிருந்தான். “அது பெட்டிக்குள்ள போயிட்டு மாமா” என்றான் (ஆய்வுப் பொருள், திருநெல்வேலி ஜங்ஷன், ஜன்னலோரம், அக்கா கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி, வண்டி நகர்ந்த நிலையில்).

நினைவிலிருந்து ஆராய்ந்து சொல்வதானால், அது பால் கணக்கு. மதியம் 2.30 கறவை நேரம். எண் வாரந்தோறும் குறைந்துகொண்டே வந்ததால் பசு வற்றிக்கொண்டிருந்தது என்பதும் உறுதி. அக்கா வீட்டில் பசு இருந்ததில்லை என்பதொன்றே இத்துணிபுக்கு இதுவரை சொல்லப்பட்டிருக்கும் தடை.