திறந்துதான் பாரேன் மக்கா

ஸ்குரூ டிரைவர் கையில வந்தாச்சா? கொள்ளாம் மக்கா. பெட்டிக்கு என்ன கேடுன்னு மட்டும் கேட்டுராத, நேரம் வீணாப் போயிரும். முதல்ல பொளந்து போடு, கேடு தன்னால வந்து சேரும்.

எனக்கு என்ன தெரியும்? வடசேரியில வால்வு ரேடியோவோட மல்லுக்கட்டின கெழவன். ஒனக்க அப்பன் சின்னதுல தரையில உருண்டு அழுது வாங்கின சாமுராய் வீடியோ கேம் பெட்டியப் பத்திப் பேச நமக்கு யோக்கியத உண்டா? நிண்டெண்டோக்காரன் 1983 ஜூலையில ஜப்பான்ல ஃபேமிகாம்னு ஒண்ண எறக்கினான். அதப் பாத்து அடிச்ச நகலுகதான் சாமுராய், மீடியான்னு தொண்ணூறுகள்ல நம்ம டிவிக்குக் கீழ வந்து உக்காந்தது. ஒனக்க அப்பனுக்கு அசலும் தெரியாது, நகலும் தெரியாது. மரியோ குதிச்சாப் போதும்.

படத்துல வரி ஓடுது, ஸ்பீக்கர் கொர்ருங்குது, அவ்வளவுதானே? அடாப்டரப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. அது வெளிய கெடக்கு, அதத் தொட்டா என்ன பெரும? பொருந்துதேன்னு மோடத்துக்க அடாப்டரச் சொருகியிருப்ப. ஃபேமிகாம் குத்திக்கு நடுவுல மைனஸ், வெளிய பிளஸ். மோடத்துக்கு அநேகமா மறிச்சு. நகல்ல எவன் எப்பிடி வச்சானோ, பெட்டிக்க அடியில அச்சடிச்சிருக்கான்னு குனிஞ்சு பாரு, இடுப்பு ஒடிஞ்சிராது. ஜப்பான்லேருந்து எவனாவது அசல் பெட்டியே கொண்டாந்தா இன்னும் விசேஷம். அதுக்க அடாப்டரு 100 வோல்ட்டுக்குள்ளது. நம்ம 230-ல குத்தும்பம் எனக்கு ஆள்விடு, வேடிக்க பாக்க வாறேன்.

பொறவு கேசட்டு. அத ஊதுகது ஒங்க குடும்ப வித்த. ஒனக்க அப்பன் ஊதினதுக்கா அது ஓடிச்சு? உருவித் திரும்பச் சொருகினதுல 60 பின்னும் ஒருக்கா ஒரைஞ்சுது, அதான் சங்கதி. ஊதின எச்சில்ஈரம் தகட்டுல களிம்பு கெட்டினதுதான் மிச்சம். மணக்குடி உப்புக்காத்து வேற அதுக்குத் தொணை. மருந்துக்கடையில ஸ்பிரிட்டு வாங்கி, பஞ்சுல தொட்டுத் தொட.

இவ்வளவு சொல்லியும் திறக்கணும்னா திற. பிளக்கப் புடுங்கிப்போட்டு சுவிட்சப் போட்டு அணை, மிச்சக் கரண்டு வடியட்டு. ஒரு அட்டையில பெட்டியப் படமா வரைஞ்சு, எந்தக் குழியில எடுத்த ஸ்குரூவோ அந்த எடத்துலயே குத்தி வை. இல்லேன்னா எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துல போடு, ராத்திரி நல்லாப் பொழுதுபோகும். திரும்பப் போடும்பம் முதல்ல இடப்பக்கம் சுத்து. பழைய புரியில டக்குனு எறங்கும், அப்பம் வலப்பக்கம் முறுக்கு. ஒனக்க வயச விட மூத்த பிளாஸ்டிக்குடே, புதுப்புரி வெட்டினா பொடிச்சுப் போயிரும்.

உள்ள கரும்பொட்டு ஒண்ணு இருக்கும். அதுக்கடியிலதான் மூள. அது செத்திருந்தா சாயா குடிச்சிட்டுப் படு, மருந்தில்ல. ஆனா இந்தக் கொர்ரு அதுக்க வேலையா எனக்குத் தோணல்ல. கரண்டு நுழையுற எடத்துல மூணு காலோட 7805-னு ஒருத்தன் நிப்பான். வாற 9 வோல்ட்ட 5 ஆக்கிட்டு மிச்சத்தச் சூடாக் கக்குகவன். அவனுக்குப் பக்கத்துல குடியிருந்த கண்டன்சருக்கு இத்தன வருசத்துல உள்ள ஈரம் வத்தியிருக்கும். காய்ஞ்ச கண்டன்சரு கரண்டுக்க அலைய அடக்காது, வரி ஓடும்.

மாத்திப் போடுக கண்டன்சருக்கு மைக்ரோ ஃபாரடு அதே அளவு வேணும். வோல்ட்டு கூடலாம், கொறயப்பிடாது. 16 இருந்தா 25 போடு. உடம்புல வெள்ளக் கோடு போன பக்கத்துக் கால் மைனஸ். 25 வாட்டு சோல்டரிங் அயன் தாராளம். அத அழுத்திப் பிடிச்சிட்டு ஃபோன்ல பேசிட்டு நின்னேன்னு வை, போர்டுல செம்புக்கோடு உரிஞ்சு வந்துரும். ஈயம் தொட்ட கையோட ரசவடை தின்ன உக்காராத.

அந்தக் குண்டு டிவியையும் திறந்தா என்னன்னு ஒரு நெனப்பு ஓடுதே ஒனக்கு, மொகத்துல தெரியுது. அதுல மட்டும் வெளையாட்டு வேண்டாண்டே. அணைச்ச பொறவும் படக்குழாய் ஆயிரக்கணக்குல வோல்ட்டப் பிடிச்சு வச்சிருக்கும்.

கண்டன்சரு சில்லறக் காசுதான். கடையில ரெண்டாக் கேட்டு வாங்கு மக்கா. ஒண்ணு நீ தலகீழா வச்சு வெடிக்க, மத்தது நான் பக்கத்துல இருந்து வைக்கச் சொல்ல.